விடியற்காலை வியர்வைக்குக் கல்லீரல் மாத்திரையைக் குறை சொல்லாதீர்கள்

இன்றிரவு அப்பாவுக்குக் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைக் கொடுப்பதற்கு முன், அவருடைய சர்க்கரை நோயைக் கவனிக்கும் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிடுங்கள். மற்றதை அதன் பிறகு படிக்கலாம்.

சர்க்கரை நோயோடு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கும் மாத்திரை சாப்பிடும் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில், மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். விடியற்காலை மூன்றரை மணிக்குப் பனியன் நனைய வியர்த்து, அப்பா உங்களைச் சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சர்க்கரை போட்ட காப்பி குடித்ததும் தெளிந்துவிட்டார். நீங்கள் பயப்படுவது போல இது கல்லீரல் செயலிழப்பு அல்ல. செயலிழக்கும் கல்லீரலின் குழப்பம் ஒரு டம்ளர் காப்பியில் தெளியாது. கண் மஞ்சளாகவில்லை, வயிறு வீங்கவில்லை, பசி கூடியிருக்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அவருக்கு வந்தது தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது. அது வந்ததற்குக் காரணம், கல்லீரல் மருந்து கெடுதல் செய்ததல்ல, வேலை செய்ததுதான்.

ஹெபடைட்டிஸ் சி வைரஸ் குடியிருக்கும் கல்லீரல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. போதும், நிறுத்து என்று இன்சுலின் சொன்னாலும் இரவெல்லாம் ரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டிருக்கும். அப்பா சாப்பிடும் கல்லீரல் மாத்திரையான சோபோஸ்புவிர்-வெல்படாஸ்விர் தொடங்கிய சில வாரங்களிலேயே பெரும்பாலோருக்கு ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கல்லீரல் மறுபடி இன்சுலினின் பேச்சைக் கேட்கத் தொடங்குகிறது. அப்பாவோ பழைய உடம்புக்குக் கணக்குப் போட்டு எழுதிய 2 மில்லிகிராம் கிளிமிபிரைடை இன்னும் இரு வேளை விழுங்குகிறார். வெறும் வயிற்றில் 190 இருந்த சர்க்கரை ஐந்தே வாரத்தில் 84 ஆனதைப் பார்த்து வீட்டில் மகிழ்ந்திருக்கிறீர்கள். காலையில் 84 என்றால் இரவு மூன்று மணிக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

இது புதிய செய்தியும் அல்ல. இந்த வகை மருந்துகள் தொடங்கும்போது, குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், சர்க்கரையை நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2018-இலேயே எச்சரித்திருக்கிறது. இருந்தும் கல்லீரலுக்கு ஒரு மருத்துவர், சர்க்கரைக்கு ஒரு மருத்துவர் என்று போகும் குடும்பங்களில், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதே இல்லை. அப்பாவின் இரண்டு மருந்துச் சீட்டுகளையும் ஒரே கவரில் வையுங்கள். குறைக்க வேண்டியது கிளிமிபிரைடா, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

இன்னொன்று. ரத்த அழுத்தத்துக்காக அப்பா மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். அது தாழ்சர்க்கரையின் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. ஆகவே அவருக்கு வியர்த்தால் விசிறியைத் தேடாதீர்கள், குளுக்கோமீட்டரை எடுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியதும் ஏதாவது சாப்பிட வையுங்கள். பால் காப்பி அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடால் இறங்கிய சர்க்கரை, ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கக் கூடியது. அன்று காப்பியோடு விட்டதே தவறு. மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும்.

இணையத்தில் யாரோ எழுதியதை நம்பி இரண்டு நாள் கல்லீரல் மாத்திரையை நிறுத்தியதற்கு எனக்குக் கோபம்தான். 12 வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு வைரஸ் முழுமையாகப் போய்விடும் மருந்து அது. இன்றே தொடங்குங்கள், விட்டதற்காக இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள், விட்டதைக் கல்லீரல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கடையில் நீங்களாக வாங்கிய நெஞ்செரிச்சல் மாத்திரை, வெல்படாஸ்விர் உடலில் சேர்வதைக் குறைக்கும். அதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். கீழாநெல்லிச் சாறு இந்த வைரஸை விரட்டாது. அதுவும் வேண்டாம்.

சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாக இருப்பது பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையின் நிறம். முடி உதிர்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரை குறைந்துவிட்டதால் நோயே போய்விட்டதாக எண்ண வேண்டாம்; சிலருக்குச் சில மாதங்களில் மீண்டும் ஏறுகிறது, அப்போது அளவை மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.

தட்டு, டம்ளரைப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். தேவையில்லை, அவற்றால் இது பரவாது. ஆனால் அம்மாவுக்கும் அதே ஊசியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை இந்த நிமிடமே நிறுத்துங்கள். ரத்தத்தின் வழியாகப் பரவும் நோய் இது. அடுத்த முறை அப்பாவோடு அம்மாவையும் அழைத்துப் போய் ஹெபடைட்டிஸ் சி பரிசோதனை செய்துவிடுங்கள்.