மாலை கிளினிக்கில் டோக்கன் சண்டை – பதில்

வணக்கம் சார். மாலை 6 மணிக்குக் கிளினிக் திறந்ததும் 40 பேர் மொத்தமாக வந்து நிற்கிறார்கள், டோக்கன் கொடுத்தும் சண்டை ஓயவில்லை என்று எழுதியிருந்தீர்கள். டோக்கனில் எண் மட்டும் இருந்தால் எல்லோரும் 6 மணிக்கே வரத்தான் செய்வார்கள். நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிடம் என்றால் 6 மணிக்கு 2 பேர், அப்புறம் 5 நிமிடத்துக்கு ஒருவர். 1952-லேயே இங்கிலாந்தில் நார்மன் பெய்லி என்ற புள்ளியியல் அறிஞர் கணக்குப் போட்டுச் சொன்ன வழி இது. ஒருவர் தாமதித்தாலும் டாக்டர் சும்மா உட்கார வேண்டியதில்லை. ஆனால் டாக்டரே 6.30-க்கு வந்தால் எதுவும் எடுபடாது, அதை நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்!

ரிப்போர்ட் காட்ட மட்டும் வருபவர்களுக்கு ஒவ்வொரு மணியிலும் கடைசி 10 நிமிடத்தை ஒதுக்குங்கள். 'ஒரு நிமிஷம்தான்ம்மா' என்று கதவிடுக்கில் தலையை நீட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். பிரஷர், எடையெல்லாம் நர்ஸ் வெளியிலேயே பார்த்துச் சீட்டில் குறித்துவிடட்டும்.