ஆஷ்விட்ஸுக்குப் பிறகு யூத இறையியல் என்ன சொல்கிறது?

ஹிட்லரின் நாஜிகள் ஆஷ்விட்ஸ் முதலான கொலை முகாம்களிலும் பிற இடங்களிலும் 60 லட்சம் யூதர்களைக் கொன்றபோது வாய் திறக்காத கடவுளை யூதர்கள் இன்னும் எப்படித் தொழுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தொழாதவர்களும் ஏராளம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடவுளை மறுத்த ரபி (யூத மதகுரு) கூட ஜெப ஆலயம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரிச்சர்ட் ரூபன்ஸ்டைனைச் சொல்கிறேன். வரலாற்றைக் கடவுள்தான் நடத்துகிறார் என்றால் ஹிட்லரும் அவருடைய கருவி என்றாகிவிடும். அதை ஏற்க மாட்டேன் என்று 1966-இல் எழுதினார். சடங்கும் சமூகமும் மட்டும் அவருக்கு வேண்டியிருந்தன.

எமில் ஃபாக்கன்ஹைம் 1938-இல் நாஜிகளின் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் அடைபட்டவர். யூத வேதமான தோராவில் 613 கட்டளைகள் என்பது மரபுக் கணக்கு. அவர் 614-ஆவதாக ஒன்றைச் சேர்த்தார்: செத்துப்போன ஹிட்லருக்கு வெற்றி தேடித் தராதே. யூதன் யூதனாக வாழ்வதை விட்டுவிட்டால், அந்தக் கொலைகாரன் தொடங்கிய வேலையை இவனே முடித்துக் கொடுத்ததாகும். வாசிக்கும்போது சிலிர்க்கிறது. ஆனால் எதிரியின் மேலுள்ள வீம்பு எத்தனை தலைமுறைக்கு மதத்தைத் தாங்கும்? எனக்கு அது போதவில்லை.

மனிதனுக்குச் சுதந்திரம் வேண்டுமானால் கடவுள் முகத்தை மறைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்றார் ரபி எலியேசர் பெர்கோவிட்ஸ். மரபுக்குள் நின்ற பதில். ஆஷ்விட்ஸில் தாயைப் பறிகொடுத்த தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ் அதையும் தாண்டிப் போனார். உலகுக்கு இடம்விடக் கடவுள் தம்மைச் சுருக்கிக்கொண்டார் என்பது 16-ஆம் நூற்றாண்டு யூத ஞானி ஐசக் லூரியாவின் கருத்து. அதை எடுத்துக்கொண்டு, கடவுள் தலையிடாதது மனமில்லாமல் அல்ல, முடியாமல்தான் என்றார். எல்லாம் வல்லவர் என்ற பட்டத்தையே கழற்றிவிட்டார்!

என் மனம் ஒப்புவது இர்விங் கிரீன்பெர்க்கை. மரபைக் கறாராகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் ரபியாக இருந்துகொண்டே, இத்தனைக்கும் பிறகு தமக்கும் யூதர்களுக்கும் இடையிலான உடன்படிக்கையைக் காக்கும்படி கட்டளையிடக் கடவுளுக்கு உரிமையில்லை, யூதர்கள் தாமாகவே முன்வந்து அதைச் சுமக்கிறார்கள் என்றார். முகாமில் எரியும் குழந்தைகளின் முன்னால் நின்று சொல்லக் கூசுகிற எதையும் கடவுளைப் பற்றிச் சொல்லாதே என்ற விதியும் அவருடையதே. யூதருக்கெனத் தனி நாடு கோரிய சியோனியத்துக்குக் கிடைத்த தண்டனைதான் இந்த அழிவு என்று போதித்த சாட்மர் என்ற தீவிர மரபுப் பிரிவின் ரபி யோவேல் டைட்டல்பாமின் விளக்கம் இந்த விதிக்கு முன் ஒரு நொடிகூட நிற்காது. பெர்கோவிட்ஸின் விளக்கமே தடுமாறும் என்று நினைக்கிறேன்.

வாசிக்கத் தொடங்குவதானால், யோனாஸ் 1984-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ஆற்றிய உரையை முதலில் எடுங்கள். சிறியதுதான், மத நம்பிக்கை இல்லாதவரும் அவரோடு வாதாடலாம்.