மகளுக்குக் கேலிபிரேஷன் வேலை: அனுப்பலாமா?

வணக்கம் ஐயா. உங்கள் மகளுக்குக் கேலிபிரேஷன் வேலை, அதாவது அளவுக்கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துத் திருத்தும் வேலை, வந்திருக்கிறது. "மூணு வருஷம் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படிச்சது மீட்டர் செக் பண்ணவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம். ஆனால் சம்பளத்தைப் பேசுவதற்கு முன் அந்த நிறுவனத்தில் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

மருந்துத் தொழிற்சாலையில் ஸ்டெரிலைசர் 121 டிகிரியை எட்டிவிட்டதா என்று பிஎல்சிக்கு (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) எப்படித் தெரியும்? உள்ளே இருக்கும் பிடி-100 என்ற வெப்பநிலை சென்சாரின், சூட்டோடு மாறும் மின்தடையை பிஎல்சியின் இன்புட் மாட்யூல் அளந்து டிகிரியாக மாற்றித் தருகிறது. மாட்யூல் பிசகினால் சென்சார் எவ்வளவு தரமானதாக இருந்தும் பயனில்லை. அதைச் சோதிக்க உங்கள் மகள் சென்சார் ஒயர்களைக் கழற்றி, அந்த இடத்தில் டெகேட் பாக்ஸை (வேண்டிய மின்தடையைத் துல்லியமாக வைக்கும் பெட்டி) மாட்டுவார். 100 ஓம் வைத்தால் திரையில் 0 டிகிரி வர வேண்டும்; 138.51க்கு 100, 175.86க்கு 200. முதலில் வந்ததை வந்தபடியே குறித்துக்கொள்வார். தேவைப்பட்டால்தான் ஜீரோ (தொடக்கப் புள்ளி), ஸ்பேன் (மொத்த அளவு வரம்பு) திருத்தம். திருத்தியபின் அதே புள்ளிகளில் மறுபடி ஒரு சோதனை.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆபரேட்டரிடம் சொல்லி இன்டர்லாக்கை (ஆபத்து வந்தால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு) தற்காலிகமாக பைபாஸ் செய்யாமல், வேலைக்கான பெர்மிட் வாங்காமல் அந்த ஒயரைக் கழற்றினால், சென்சார் அறுந்துபோனதாக எடுத்துக்கொண்டு கன்ட்ரோல் சிஸ்டம் ஓடுகிற இயந்திரத்தையே நிறுத்திவிடலாம். மூன்று ஒயர் பிடி-100ஐ இரண்டு ஒயராக மாட்டினால், கேபிளின் ஒரு ஓம் தடையே சுமார் இரண்டரை டிகிரி கூட்டிக் காட்டும். காரணத்தைத் தேடாமல் ஜீரோவைத் திருத்தி மறைப்பவர்களும் இருக்கிறார்கள். தெர்மோகப்பிள் (சூட்டை மில்லிவோல்ட்டாகத் தரும் இன்னொரு வகை சென்சார்) மாட்யூலில் வேறு கூத்து: 0 மில்லிவோல்ட் கொடுத்தால் திரையில் 0 வராது; டெர்மினல் இருக்கும் இடத்தின் சூடு, முப்பதோ முப்பத்திரண்டோ வரும். அதுதான் சரி. ஏன் என்று இன்டர்வியூவில் கேட்டால் டெர்மினலின் சூட்டையும் சேர்த்துக் கணக்கிடும் கோல்டு ஜங்ஷன் காம்பன்சேஷனை விளக்கத் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் சைட்டில் சீனியர் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும். ஆகவே நிறுவனத்தில் கேளுங்கள்: முதல் ஆறு மாதம் சைட்டா, அல்லது ஆபீசில் சர்டிபிகேட் டைப் அடிக்கும் வேலையா? டைப் அடிப்பது என்றால் வேண்டாம். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இருப்பதாகச் சொன்னால், வெப்பநிலை அளவீட்டுக்கு எந்த எல்லை வரை என்று என்ஏபிஎல் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பராமரிப்புக்காகத் தொழிற்சாலையை நிறுத்தும் ஷட்டவுன் சமயத்தில் இரவு வேலை, வெளியூர்த் தங்கல் வரும். பெண் பிள்ளை என்ற உங்கள் தயக்கம் புரிகிறது. தங்குமிடமும் வண்டியும் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். வேலையையே மறுக்க வேண்டியதில்லை. பி.இ. ஆசை இருந்தால் லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு சேர வழி இருக்கிறது. ஓரிரு வருட அனுபவத்துக்குப் பிறகும் அதை யோசிக்கலாம்.

சேரும் நாளுக்குள் பிடி-100, கே டைப் தெர்மோகப்பிள் அட்டவணைகளை வைத்துக்கொண்டு, ஓமிலிருந்தும் மில்லிவோல்ட்டிலிருந்தும் டிகிரி கண்டுபிடித்துப் பழகச் சொல்லுங்கள்.