விக்டோரியா காலத்துப் போர்ப் பதக்கங்களும் அதிகாரிகளும்: கேள்வி பதில்

கேள்வி: பழைய பொருள் கடையில் ஒரு கிரிமியப் போர்ப் பதக்கம் வாங்கினேன். விளிம்பில் பெயரே இல்லை. ஏமாந்துவிட்டேனா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். ரஷ்யாவோடு பிரிட்டன் மோதிய 1854-56 கிரிமியப் போருக்கான பதக்கம் பெயர் இல்லாமல்தான் வழங்கப்பட்டது. அப்போது திருப்பி அனுப்பியவர்களுக்கு நாணயச்சாலையில் இலவசமாகப் பெயர் பொறித்துத் தந்தார்கள். அதிகாரிகள் பலர் நகைக்கடையிலேயே செதுக்கிக்கொண்டார்கள். அதனால் எழுத்து ஒரே மாதிரி இருக்காது.

என்னைக் கேட்டால், பெயர் உள்ள பதக்கத்தைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். இருந்த பெயரை அரத்தால் ராவிவிட்டு, பேர்போன ரெஜிமென்ட்காரர் பெயரைப் போட்டால் விலை எகிறும். ஆனால் ராவிய விளிம்பு சுருங்கிவிடும். வெர்னியர் காலிப்பரை வைத்து நாலு இடத்தில் விட்டத்தை அளந்து பாருங்கள். 36 மி.மீ. வர வேண்டும்.

கேள்வி: நாடாவில் இருக்கும் குறுக்குப் பட்டைகள்?

பதில்: எந்தெந்தச் சண்டையில் இருந்தார் என்பதற்கு. கிரிமியாவில் தரைப்படைக்கு ஆல்மா, பாலக்லாவா, இன்கர்மன், செபாஸ்டபோல் என நாலு. ஓக் இலை வடிவப் பட்டைகள். ஒயின் குடுவையில் தொங்கும் பெயர்ச்சீட்டு மாதிரி இருக்கிறது என்று அப்போதே கிண்டலடித்தார்கள்.

கேள்வி: அதிகாரிக்குத் தங்கம், சிப்பாய்க்கு வெள்ளியா?

பதில்: அது முந்தைய கதை. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பதக்கம் அப்படித்தான்: தங்கம், முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என்று பதவிக்கு ஒரு உலோகம். விக்டோரியா காலத்துப் போர்ப் பதக்கத்தில் கர்னலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே வெள்ளி. ஆனால் 1880-களிலிருந்து, இந்தியப் படையோடு போன பணியாட்களுக்கு வெண்கலம்தான்.

கேள்வி: பதவியையே விலைக்கு வாங்கினார்களாமே?

பதில்: ஆமாம், காலாட்படையிலும் குதிரைப்படையிலும். காலாட்படை அதிகாரிகளில் அடிப்படியான என்சைன் 450 பவுண்டு, கேப்டன் 1,800, லெப்டினன்ட் கர்னல் 4,500. கையில் இருக்கும் பதவியை விற்று, மேல்பதவிக்கு வித்தியாசத்தைக் கட்டுவார்கள். இது அரசு விலை. மேசைக்கு அடியில் கைமாறியது தனி. என்சைனின் சம்பளமோ நாளுக்கு 5 ஷில்லிங் 3 பென்ஸ். சீருடை, வாள், மெஸ் பில் எல்லாம் சொந்தக் காசு. வீட்டிலிருந்து பணம் வராதவர் பாடு திண்டாட்டம்தான்.

பிரிட்டிஷ் தளபதி ஹென்றி ஹாவ்லாக்கைப் பாருங்கள். 1815-ல் சேர்ந்தவர், கேப்டன் ஆனது 1838-ல். இடையே பணமுள்ள இளையவர்கள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். 1857-ல் லக்னோவில் இறந்தார். பதவி விற்பனை 1871-ல்தான் ஒழிந்தது. பீரங்கிப் படையிலும் பொறியாளர் படையிலும் இந்த வியாபாரம் கிடையாது, அங்கே பணிமூப்புதான்.

கேள்வி: குதிரைக்குக் கூட பதக்கம் கொடுத்தார்களாமே, கப்சாவா?

பதில்: நிஜம்! 1880-ல் காபூலிலிருந்து காந்தகாருக்குப் படை நடத்திய பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸின் அரபுக் குதிரை வோனோலெல். ஆப்கன் போர்ப் பதக்கத்தையும் காபூல்-காந்தகார் நட்சத்திரத்தையும் மகாராணியே அதற்கு வழங்கினார். அந்த நட்சத்திரம் வெண்கலம். காந்தகாரில் ஆப்கன் தலைவர் அயூப் கானிடம் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கிச் செய்தது.