எதிர்பாராமல் வரும் வாய்ப்பை வாய்ப்பென்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் அது வரும் நேரத்தில் தெரிவதில்லை என்பதே என் பதில். 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் நடந்த ஒரு சந்திப்பு இதற்கு நல்ல சான்று.

உ.வே. சாமிநாதையர் அந்த ஆண்டுதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார், வயது 25. அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த முன்சீப் (கீழமை நீதிபதி) சேலம் இராமசுவாமி முதலியாரை, திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சொன்னதற்காகப் பார்க்கப் போனார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்று அறிந்த பிறகும் முதலியார் பெரிதாக மகிழ்ந்துவிடவில்லை. தாம் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என ஐயர் அடுக்கிக்கொண்டே போக, இவற்றைப் படித்து என்ன பயன் என்று கேட்ட முதலியார், சீவக சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்றார். ஐயர் அந்த நூல்களைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

கல்லூரி வேலை கையில் இருக்க, மனம் நொந்து வீடு திரும்பி, அந்தப் பக்கமே போகாமல் இருந்திருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, நூல் கிடைத்தால் படிக்கத் தயார் என்றார். முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சமண சமயச் செய்திகள் விளங்காதபோது கும்பகோணத்துச் சைனர்களின் வீடுகளைத் தேடிப் போனார். தமிழ்ப் புலவர்கள் கைவிட்டிருந்த அந்த நூலை அவர்கள் பக்தியோடு படித்துவருவது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

முதலியாருக்கு மாற்றல் வராதிருந்தால் இந்த நூல்கள் அழிந்தே போயிருக்கும் என்று சிலர் சொல்வது மிகை என்றே நினைக்கிறேன், சி.வை. தாமோதரம் பிள்ளையும் அதே காலத்தில் பழைய ஏடுகளைப் பதிப்பித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஐயருடைய வாழ்க்கை வேறு திசையில் போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதில் தற்செயல் என்று சொல்லத்தக்கது அந்த மாற்றல் உத்தரவும் முதல் சந்திப்பும் மட்டுமே. அதன் பிறகு நடந்த ஒவ்வொன்றும் அவர் தாமே விரும்பி மேற்கொண்ட உழைப்பு.

ஆகவே, வருவதற்கெல்லாம் சரி என்று தலையாட்டச் சொல்லும் அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. சம்பளமும் பதவியும் மட்டுமே தரும் அழைப்பு எதிர்பாராமல் வந்தாலும், வழக்கம்போல் கணக்குப் பார்த்தே முடிவு செய்கிறேன். விஷயம் தெரிந்த ஒருவர் என் அறியாமையை முகத்துக்கு நேரே காட்டிவிட்டு, கற்றுக்கொள்ள ஒரு வழியையும் திறந்துவைத்தால், அன்றைக்கு எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அவரை இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வேண்டும், வேண்டாம் என்று சொல்கிறேன்.