பழைய வெள்ளி ரூபா காசு: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, விக்டோரியா, ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய்க்கு ஏன் இவ்ளோ பேர் அலையறாங்க? வெள்ளிக்கட்டி வாங்கிட்டா போதாதா?

பதில்: கட்டி வாங்கினா டச், அதாவது வெள்ளி எவ்ளோ சுத்தம்னு பாக்கணும், வித்தவனை நம்பணும் தம்பி. இந்தக் காசுல அந்தத் தலைவலி கம்மி. 1835ல கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி இந்தியாவுக்கே பொதுவா ஒரு ரூபா கொண்டு வந்துச்சு, எடை 11.66 கிராம், அதாவது பழைய எடைக் கணக்குல கரெக்டா ஒரு தோலா, அதுல 91.7 சதவீதம் வெள்ளி. அப்புறம் விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ்னு தலைதான் மாறிச்சு, 1939 வரைக்கும் எடையும் டச்சும் அப்படியே இருந்துச்சு. தேயாத காசுல சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம், அன்னிக்கு ரேட்டால பெருக்கிக்கோங்க, வேலை முடிஞ்சுது. நூறு வருஷம் ஒரே அளவுல ஓடின காசுங்கறதுதான் இதோட பலம், என்னைக் கேட்டா அழகெல்லாம் அப்புறம்தான்.

கேள்வி: சார், எங்ககிட்ட 1944 ஜார்ஜ் ரூபா இருக்கு. கடைல பாதி விலைதான் சொல்றாங்க, ஏமாத்துறாங்களா?

பதில்: இல்லங்க, அவங்க சொல்றது சரிதான். போர்க்காலத்துல வெள்ளி தட்டுப்பாடு, அதனால 1940லேர்ந்து வெள்ளியை 50 சதவீதமா குறைச்சுட்டாங்க, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். ஓரத்தைத் திருப்பிப் பாருங்க, நடுவுல பள்ளமா ஒரு வரி சுத்தி ஓடும், கள்ளக்காசு அடிக்கறவங்களைத் தடுக்க வச்சது. 1947 ரூபாய்ல வெள்ளியே கிடையாது, வெறும் நிக்கல், காந்தம் வச்சா ஒட்டிக்கும்.

கேள்வி: 1911 ரூபாய்க்கு ஏன் தனி விலை?

பதில்: அதுதான் 'பன்னி ரூபா'. ஐந்தாம் ஜார்ஜ் போட்டிருக்கற மாலைல குட்டி யானை ஒண்ணு, தும்பிக்கை சின்னதா போனதால பன்னி மாதிரி தெரிஞ்சு முஸ்லிம் மக்கள்கிட்டேர்ந்து கடும் எதிர்ப்பு வந்துச்சு, அரசாங்கம் வெளிய விட்டதை நிறுத்தி 1912ல யானையைத் திருத்தி அடிச்சாங்க. 1939 ரூபாய்க்கும் தனி விலைதான், ரொம்ப அபூர்வம், ஆனா போலி நிறைய சுத்துது. வருஷத்து கடைசி நம்பரை மட்டும் மாத்தி விக்கறாங்க, அதனால விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டாம பணம் கொடுத்துடாதீங்க.

கேள்வி: பாட்டியோட காசு மாலைல வளையம் பத்த வச்ச ரூபாய்ங்க இருக்கு, சேகரிக்கறவங்க வாங்குவாங்களா?

பதில்: பத்த வச்ச காசுக்கு பொதுவா வெள்ளி விலைதான்மா கிடைக்கும். வளையத்தை வெட்டி எடுத்தாலும் தழும்பு தெரியும். மாலையாவே வச்சுக்கோங்க, எனக்கு அதைப் பிரிக்க மனசு வராது. இன்னொண்ணு, கருப்பு ஏறியிருந்தா புளி, பவுடர் போட்டு தேய்க்காதீங்க, எந்தக் காசா இருந்தாலும் தேய்ச்சதும் சேகரிக்கறவங்க விலையைக் குறைச்சுடுவாங்க.

கேள்வி: ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கம்பெனி காசு லட்சக்கணக்குல போகும்ங்கறாங்களே?

பதில்: கம்பெனி அப்படி ஒரு காசே அடிக்கல. பின்னாடி யாரோ செஞ்ச டோக்கன் அது, அதுக்காக ஒரு ரூபா அட்வான்ஸ் கூட அனுப்பாதீங்க.

கேள்வி: சிங்கப்பூருக்கு எடுத்துட்டுப் போலாமா?

பதில்: நூறு வருஷம் தாண்டின காசு 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள், நாட்டை விட்டு எடுத்துட்டுப் போகக் கூடாது. விக்டோரியா, எட்வர்ட் எல்லாமே அதுல அடங்கும், வீட்லயே வச்சுட்டுப் போங்க.