வூட்டுக்குள்ள ஏன் படம் புடிக்கிற?

அன்புள்ள ஐயா,

நான் கோவைக்காரி. நாலு வருடமாகச் சென்னையில் ஐ.டி. வேலை. ஓ.எம்.ஆரை விட்டால் தி.நகர், அதை விட்டால் சென்ட்ரல். அதற்கு வடக்கே போனதே இல்லை. உங்கள் ராயபுரம் கட்டுரைகளைப் படித்துவிட்டு, மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மனியிலிருந்து வந்திருந்த அலுவலக நண்பரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காசிமேடு மீன் சந்தைக்குப் போய்ச் சேரும்போது மணி எட்டு. ஏலம் எப்போதோ முடிந்துவிட்டது என்றார்கள். வஞ்சிரம் கோவை விலையைவிட அதிகமாக இருந்தது. சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அந்தப் பர்மா நூடுல்ஸ். கடைக்காரர் வெறுங்கையால் பிசைந்தார். "கரண்டில கலக்குங்களேன் அண்ணா" என்றேன். "கையால பிசைஞ்சாதாம்மா அத்தோ" என்றார். நான் பாதியில் வைத்துவிட்டேன். நண்பர் இரண்டு தட்டு சாப்பிட்டார். இது நிஜமாகவே பர்மா சாப்பாடா, நம் ஆட்கள் கண்டுபிடித்ததா?

இன்னொன்று. மத்தியானம் ஒரு சந்தில் ஒரு அம்மா மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அடுப்பில் குழம்பு கொதித்தது. போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன். "இன்னாம்மா, வூட்டுக்குள்ள ஏன் படம் புடிக்கிற?" என்று சத்தம் போட்டார். அவர் இருந்தது தெருவில்! படத்தை இணைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள். "எங்கள் ஊரில் தெருவில் நடப்பார்கள், இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று நண்பர் வழியெல்லாம் அதிசயப்பட்டுக்கொண்டே வந்தார்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

மீன் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்பதால் விசைப்படகுகள் போகக்கூடாது. பைபர் படகுகள் கரையோரமாகப் போய்க் கொண்டுவருவதுதான் சந்தைக்கு. மே மாதத்தில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டது உங்கள் தைரியம். ஏலம் பார்க்க வேண்டுமென்றால் விடியும் முன்னால் போக வேண்டும். எட்டு மணிக்கு ஏலக்காரர் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்.

இப்போது அத்தோ. அந்தக் கடைக்காரருக்குப் பர்மிய மொழி தெரியுமோ என்னவோ, அவர் சொன்ன பதில் அகராதிப் பதில். பிசைந்தது, கலந்தது என்பதுதான் அந்தச் சொல்லுக்கே பொருள். பர்மாவில் நூடுல்ஸ் மட்டும் இல்லை, இஞ்சி, தக்காளி, ஊறவைத்த தேயிலை எல்லாவற்றையும் பிசைந்து 'அத்தோ' போடுவார்கள். நீங்கள் கரண்டி கேட்டது, பிடி கொழுக்கட்டையைப் பிடிக்காமல் கொடுங்கள் என்று கேட்ட மாதிரி.

அடுத்த முறை தட்டைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு பிடி, மெல்லிசாகச் சீவிய கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம். பேஜோ என்கிற பொரித்த தட்டையை உள்ளங்கையில் வைத்து ஒரே நொறுக்கு. உப்பு, மிளகாய்த்தூள், புளித்தண்ணி, கடைசியில் பூண்டு எண்ணெய். அப்புறம் ஐந்து விரலும் அடிவரை போய்த் தூக்கித் தூக்கி விடும். கரண்டியால் கிண்டினால் நூடுல்ஸ் அறுந்துபோகும், பேஜோ கூழாகிவிடும், புளித்தண்ணி அடியில் தேங்கிவிடும். சுத்தம் பற்றிய உங்கள் தயக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன், கையுறை போட்டுப் பிசைகிற கடைகளும் இருக்கின்றன. நான் எந்தக் கடையிலும் முதலில் எட்டிப் பார்ப்பது தட்டு கழுவுகிற வாளியைத்தான்.

நிஜ பர்மா சாப்பாடா என்றால், பாதி. 1962இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964இல் கடைகளை அரசுடைமையாக்கினார்கள், ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மூன்று தலைமுறையாகச் சேர்த்தது ஒரே வருடத்தில் போய், அங்கே பிழைக்கப் போன நம் ஆட்கள் கப்பலேறி வந்து இறங்கியது இதே சென்னைத் துறைமுகத்தில். பலர் வியாசர்பாடிப் பக்கம் குடியேறினார்கள். 1969இல் துறைமுகத்துக்கு எதிரிலேயே பர்மா பஜார் வந்தது. அத்தோ வண்டிகள் பஜாருக்குப் பின்னால் உள்ள தெருக்களில் நிற்பது இப்படித்தான். கூடவே ஒரு சூப் கொடுத்திருப்பார்களே, மொய்ங்கா, அது அங்கே மீன் குழம்பு, வாழைத்தண்டு போட்டது. இங்கே பல வண்டிகளில் மீன் போய்விட்டது, வாழைத்தண்டு மட்டும் நிற்கிறது. அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயத்தை அடைத்து, புளித்தண்ணி விட்டுத் தருவார்களே, அதைச் சாப்பிட்டீர்களா? கடிதத்தில் இல்லை. சாப்பிடவில்லை என்றால் நீங்கள் இன்னும் அத்தோ கடைக்குப் போகவில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். அந்த அம்மா சொன்னது சரி. நீங்கள் வீட்டுக்குள்தான் நின்றிருக்கிறீர்கள்.

நான் வளர்ந்த வீடு பத்துக்குப் பத்து. ஆறு பேர். எங்கள் படிக்கும் எதிர்வீட்டுப் படிக்கும் நடுவே எட்டடி இடம். சமையல், துவைப்பது, பாடம் படிப்பது, ராத்திரி கயிற்றுக் கட்டிலில் அப்பா தூங்குவது எல்லாம் அந்த எட்டடியில். தண்ணீர் ராத்திரி எந்நேரம் வரும் என்று தெரியாது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அம்மா அங்கேயே உட்கார்ந்திருப்பாள், நான் அவள் மடியில் தூங்குவேன். அந்த இடத்துக்குச் சுவர் கிடையாது, ஆனால் கதவு உண்டு. பெண்கள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தால் சைக்கிளில் வருகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். இருமிவிட்டுப் போவான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

உங்கள் ஜெர்மன் நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். தெருவில் உட்காருவது ஆசைக்காக மட்டும் இல்லை. மே மாத மத்தியானம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கால் மணி நேரம் உட்கார்ந்தால் அவரே பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மகளின் தலையில் பாதிப் பின்னல். அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்த சிவப்புக் குடம். அந்த அம்மாவின் கால்மாட்டில், காலையில் போட்ட கோலம், பாதி அழிந்திருக்கிறது. கீழ் மூலையில் ஒரு ஷூவின் நுனி தெரிகிறது, கோலத்துக்கு உள்பக்கம். உங்களுடையதுதானே?

படத்தை இங்கே போடவில்லை. நீங்களும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்ப வாருங்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்திருக்கும், அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. யாரும் நீ எந்தத் தெரு என்று கேட்க மாட்டார்கள். தூக்கு ஒன்று எடுத்து வாருங்கள், நண்பருக்கும் சேர்த்துக் கொஞ்சம் பெரியதாக. மத்தியானத்துக்கு மேல் வந்தால் அண்டாவின் அடிதான் மிஞ்சும்.